இணைப்பு அறுதலும் காரணம் நாடலும்

விழா மலர் என்றால் அதிலே கல்லூரியின் வரலாறும், பெரியோர் புகழும், கலை சமயம் பற்றிய கட்டுரைகளும் இடம்பெறுதல் மரபு. அம்மரபுக்கிடையே, வீட்டு மூலையிலே கண்சிமிட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு சிறு பெட்டியையும் அதனுட் புகும் கம்பியையும் பற்றி எழுத முற்படுதல் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், இற்றைநாளில் நம்மவர் வீடுகளிலே மிகுதியாகக் குறைகூறப்படுவதும் மிகக் குறைவாக ஆராயப்படுவதுமான விடயம் யாதென வினவின், வீட்டுக் கணினிக்கு வரும் இணைய இணைப்பு இடையிடையே அறுந்து போதலே அதுவென்று தயங்காது கூறலாம். கோயில் வீதியிலும், சந்தையிலும், பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும் இம்முறைப்பாடு கேட்கின்றது. காரணம் யாதென்று கேட்டாலோ விடை கிடைப்பதில்லை. படித்தவரும் படியாதவரும் இவ்விடயத்திலே ஒரு தரத்தினராகவே நிற்கின்றனர். பௌதிகத்திலே விசேட சித்தி பெற்றவரும் பெட்டியின் தலையிலே தட்டிப் பார்க்கின்றார்.

இதனை வெறும் வசதிக்குறைவென்று தள்ளிவிடலாகாது. 1983இற்குப் பின்னர் நம்மூர்களிலிருந்து கடல் கடந்து சென்றோர் தொகை மிகப் பெரிது. எத்தனையோ வீடுகளில் இன்று மூத்தோர் இருவரே, சில வீடுகளில் ஒருவரே, தனித்து வாழ்கின்றனர். குளிர்காலத்தில் ரொறன்ரோவிலே ஞாயிறு காலை ஒன்பதரை மணியாகும்பொழுது இங்கே இரவு எட்டு மணி. அங்கே பேரப்பிள்ளை நித்திரை விட்டெழுந்து பால் குடித்துக்கொண்டிருக்கின்றது. இங்கே அம்மம்மா இராச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு திரையின் முன் அமர்கின்றார். வாரத்திலே இருவர்க்கும் பொருந்திய நேரம் அந்த அரைமணியே. அவ்வரைமணியில் நான்கு முறை படம் உறைந்து குரல் அறுமாயின், குழந்தை சலித்து எழுந்து போய்விடுகின்றது. ‘பிறகு கதைப்பம்’ என்று மகன் கூறுகின்றான். அவ்வாறு பல வாரம் நிகழ, அழைப்பே அருகிவிடுகின்றது. பாசம் குறைந்ததனால் அழைப்புக் குறைந்ததென்று தாய் எண்ணுகின்றாள். குறைந்தது தாழ்வாரத்தின் கீழுள்ள ஓர் இணைப்பிலே செப்புக் கம்பியின் பற்று மட்டுமே என்பது அவளுக்கு யார் சொல்வார்?

மாணாக்கர் நிலையும் இதனின் வேறன்று. 2020 மார்ச்சிலே பெருந்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபொழுது, வகுப்பறை வீட்டுத் திரைக்குள் வந்து புகுந்தது. இணைப்பு உறுதியாயிருந்த வீட்டுப் பிள்ளை பாடத்தைக் கேட்டது. அறுந்தறுந்து வந்த வீட்டுப் பிள்ளை பாதிப் பாடத்தைக் கேட்டது. பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டுவிட்டன எனினும், தனியார் வகுப்புகளும் பல்கலைக்கழக விரிவுரைகளும் வெளிநாட்டுத் தேர்வுகளும் இணையத்தை விட்டு நீங்கவில்லை. தேர்வின் நடுவிலே இணைப்பு அறுந்த மாணவன் எய்தும் இழப்பு அவனுடைய அறிவின் குறையால் வந்ததன்று.

இத்துணைப் பெரிய விடயத்துக்கு நாம் செய்து வரும் பரிகாரம் யாது? பெட்டியை அணைத்து, சிறிது நேரம் பொறுத்து, மீளப் போடுதலே. இச்செய்கை பனடோல் விழுங்குதல் போன்றது. காய்ச்சல் தணியும், காய்ச்சலின் காரணம் அவ்விடத்திலேயே இருக்கும். மீளப் போடுதலால் பயன் இல்லையென்று கூற வரவில்லை. ரவுட்டர் என்னும் அப்பெட்டியும் ஒரு சிறு கணினியே. நெடுநாள் இயங்கியதனால் நினைவகம் நெருக்குண்டிருந்தால், மீளப் போடும்பொழுது அது தெளிவடைகின்றது. கம்பியிலே இரைச்சல் மிகுந்திருந்தால், பெட்டி தொலைபேசி நிலையத்தோடு புதிதாகப் பேசி, சற்றுக் குறைந்த வேகத்திற்கு உடன்பட்டு, மீண்டும் நிலைகொள்கின்றது. ஆகவே ‘சரிவந்துவிட்டது’ என்று நாம் மகிழ்கின்றோம். ஆனால் வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில், எப்பொழுது எது அறுந்தது என்னும் குறிப்பேடு மின்சாரம் நின்றவுடன் அழிந்துபோகும் நினைவகத்திலேயே எழுதப்படுகின்றது. அணைத்துப் போடுபவர் தம் கையாலேயே சாட்சியத்தை அழித்துவிடுகின்றார். மறுநாள் வரும் தொழினுட்பவியலாளர் ஏட்டைத் திறந்து பார்த்தால், அது வெறுமையாய் இருக்கும். ‘ஒன்றும் பிழையில்லை, ஐயா’ என்று சொல்லிவிட்டு அவரும் போய்விடுவார்.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது கையைக் கட்டிக்கொண்டு கண்ணாற் பார்த்தலேயாம். கணினியிலிருந்து உலகம் வரை செல்லும் பாதையில் மூன்று பகுதிகள் உண்டு. கணினிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ளது ஒன்று. அது பெரும்பாலும் கம்பியின்றி வைஃபை என்னும் வானொலி அலையாலானது. பெட்டிக்கும் கொம்பனியின் நிலையத்துக்கும் இடையே உள்ளது மற்றொன்று. அது செப்புக் கம்பியாகவோ, ஒளியிழையாகவோ, கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலையாகவோ இருக்கலாம். நிலையத்துக்கு அப்பால், ஆழ்கடற் கம்பிகள் வழியாக உலகெங்கும் விரிவது மூன்றாவது. அறுந்தது எந்தப் பகுதி என்று தெரியாமல் பரிகாரம் தேடுபவர், வயிற்று வலிக்குக் கண்ணிலே மருந்திடுபவரை ஒப்பர்.

இதனை அறிதற்குப் பெரிய கல்வி வேண்டியதில்லை. இணைப்பு அறுந்த அக்கணத்திலே பெட்டியின் முகத்திலுள்ள விளக்குகளை நோக்குக. யாவும் வழமைபோல எரிந்துகொண்டிருக்கக் கணினி மட்டும் தவித்தால், குற்றம் வீட்டுக்குள்ளே இருப்பதாகக் கருத இடமுண்டு. அதே நேரத்தில் வீட்டிலுள்ள கைத்தொலைபேசி அதே வைஃபையிலே தடையின்றி இயங்கினால், குற்றம் அந்தக் கணினியிலேயே உள்ளது. ‘டி.எஸ்.எல்.’ என்று குறிக்கப்பட்ட விளக்கு அணைந்தோ சிமிட்டியோ நின்றால், செப்புக் கம்பி நிலையத்தோடு பேச முடியாமல் இருக்கின்றது. ஒளியிழைப் பெட்டியிலே ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவந்தால், வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை. இவ்வளவையும் ஒரு பாட்டியாரும் பார்த்துச் சொல்லலாம்.

அதற்கு மேலும் நுணுகி அறிய விரும்பும் மாணவனுக்கு ‘பிங்’ என்னும் கட்டளை உண்டு. அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றிலே பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரிலே, வலையமைப்பிலே ஏற்பட்ட ஒரு கோளாற்றைக் கண்டறியும் பொருட்டு, ஒரே இரவில் இதனை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை எறிந்து எதிரொலியைக் கேட்டுத் தூரத்தை அறியும் முறையே இதன் மாதிரி. பெயரும் அவ்வொலியின் பெயரே. நாற்பது ஆண்டு கடந்தும் இதனினும் எளிய கருவி வேறொன்று வந்திலது. கணினியிலிருந்து முதலில் வீட்டுப் பெட்டியின் முகவரியாகிய 192.168.1.1 போன்ற ஒன்றுக்கு ஒலியை எறிக. விடை ஒழுங்காக வந்தால் முதற்பகுதி நலம். பின்னர் 8.8.8.8 என்னும் வெளியுலக முகவரிக்கு எறிக. அதுவும் வந்தால் இரண்டாம் பகுதியும் நலம். எண்முகவரிக்கு விடை வருகின்றது, பெயரைக் கொடுத்தால் மட்டும் தளம் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையிலே பிழை, இணைப்பு அறவேயில்லை. இதனை இணைப்பு அறுந்ததாக எண்ணி மாதக்கணக்காகக் கொம்பனியோடு சண்டையிட்டவர் பலர்.

இனி முதற்பகுதியைச் சிறிது நோக்குவோம். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்குகின்றது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறத்தாழ அதே மீடிறனில்தான். சமையலறையிலே சோறு சூடாகும் இரண்டு நிமிடத்துக்கு முன்னறையிலே வகுப்பு அறுவதன் மருமம் இதுவே. அயல்வீடுகளின் பெட்டிகளும் இதே வெளியிலே கூவிக்கொண்டிருக்கின்றன. அங்குள்ள அலைவரிசைகளில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. 5 கிகாஹேர்ட்ஸ் வெளி அமைதியானது. ஆனால் சுவரை ஊடுருவும் வலிமை அதற்குக் குறைவு. நம்முடைய பழைய கல்வீடுகளின் பருத்த சுவர்கள் வெயிலைத் தடுப்பதுபோலவே அலையையும் தடுக்கின்றன. இவ்வளவும் போதாதென்று, பெட்டி அழகாயில்லையென்று அதனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவோரும், குளிர்சாதனப் பெட்டியின் பின்னே மறைப்போரும் உளர். குலதெய்வத்துக்கு நல்ல இடம் பார்க்கும் வீட்டிலே இதற்கும் ஒரு நடு இடம் பார்த்தலில் குற்றமில்லை.

கணினி தானே தன் வைஃபைக் கருவியை உறங்கச் செய்வதும் உண்டு. மின்சாரத்தை மிச்சப்படுத்தும்பொருட்டு அக்கருவியை அணைத்துக்கொள்ள இடங்கொடுக்கும் அமைப்பு ஒன்று விண்டோஸ் கணினிகளிலே இருக்கின்றது. அதனை நீக்கிவிட்டவுடன் பல மாதத் தொல்லை தீர்வதுண்டு. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதற்கு முன், ஒரு வலையமைப்புக் கம்பியால் கணினியைப் பெட்டியோடு நேரே தொடுத்து ஒருநாள் விட்டுப் பார்க்கவேண்டும். கம்பியிலே அறுதல் இல்லையாயின் வைஃபையே குற்றவாளி. கம்பியிலும் அறுந்தால் வைஃபையைத் திட்டுவதை நிறுத்தலாம். சில நூறு ரூபாய்க் கம்பி செய்யும் இச்சோதனையைச் செய்யாமல் பல்லாயிரம் ரூபாய்ப் பெட்டி வாங்குவோரை என்னென்பது!

இரண்டாம் பகுதியிலேதான் விடயம் சுவையுடையதாகின்றது. ஒளியிழை நாட்டிலே படிப்படியாகப் பரவி வருகின்றதெனினும், பழைய தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாக இணையம் பெறும் வீடுகளும் உள. ஒரே கம்பியிலே பேச்சுக்குரல் ஏறத்தாழ 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழும், இணையம் 25 கிலோஹேர்ட்ஸ் தொடங்கி 1.1 மெகாஹேர்ட்ஸ் வரையிலும் (பிந்திய முறையில் 2.2 வரையிலும்) செல்கின்றன. இவ்விரண்டையும் பிரிக்கும் சிறு வடிகட்டி பழுதானால், தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறும். கம்பியின் மூட்டுகளிலே கடற்காற்றின் உப்பும் மாரி ஈரமும் சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்தால், மழை பெய்யும்போதெல்லாம் அறும். இதற்கு மிக எளிய பரிசோதனை, தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டலே. கரகரப்புக் கேட்டால், இணையத்தைப் பற்றி ஒன்றும் பேசாது தொலைபேசியே பழுதென்று முறையிடலாம். அம்முறைப்பாடு விரைவிலே கவனிக்கப்படும்.

பெட்டியின் உட்பக்கத்திலே சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையேயுள்ள எச்ச அளவு டெசிபெல் என்னும் அலகில் எழுதப்பட்டிருக்கும். அது 6இற்கு மேல் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்குக் கீழே இறங்க இறங்க இணைப்பு தள்ளாடும். இவ்வொரு எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர் தம் கம்பியின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவராவர். செப்புக் கம்பி எவ்வளவு பொறுமையுடையதென்பதற்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 2017 டிசம்பரிலே இங்கிலாந்தின் இணையக் கொம்பனி ஒன்றைச் சேர்ந்தோர், கம்பிக்குப் பதிலாக உப்புநீரில் நனைத்த இரண்டு மீற்றர் நூற்கயிற்றை வைத்து, அதன் வழியே செக்கனுக்கு 3.5 மெகாபிட்டு வேகத்தில் இணையத்தை ஓட்டிக் காட்டினர். ஈரக் கயிறே இவ்வளவு செய்யுமாயின், வீட்டுக் கம்பி ஓயாது அறுவதற்கு ஏதோ குறிப்பான காரணம் இருத்தல் வேண்டும் என்பது பெறப்படும்.

அக்காரணம் எத்துணை எதிர்பாராத இடத்திலே ஒளிந்திருக்கும் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் என்னும் சிற்றூரிலே நிகழ்ந்தது நல்ல சான்று. அவ்வூரிலே பதினெட்டு மாத காலம், நாள்தோறும் காலை ஏழு மணியளவிலே, ஊர் முழுவதற்கும் இணையம் தடுமாறியது. கம்பியமைப்பைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தினர் பலமுறை வந்தனர், சோதித்தனர், கம்பிகளின் பெரும்பகுதியையே மாற்றினர். குற்றம் தீரவில்லை. இறுதியிலே, வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சலாக இருக்கலாமென்று ஐயுற்று, அலைகளை அளக்கும் கருவியொன்றைக் கையிலேந்தி, அதிகாலை ஆறு மணிக்கே கொட்டும் மழையில் ஊர்த்தெருவில் மேலும் கீழும் நடந்தனர். ஏழு மணி ஆனதும் கருவி கூவிற்று. கூவிய திசையைப் பற்றிச் சென்றால், ஒரு வீட்டிலே பழைய தொலைக்காட்சிப் பெட்டி! வீட்டுக்காரர் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அதனைப் போடும் வழக்கமுடையவர். அதனைப் போட்டவுடன் அது உமிழ்ந்த இரைச்சல் ஊரின் இணையத்தையே கவிழ்த்திருந்தது. அவர் நாணிப்போய், இனி அதனைப் போடுவதில்லையென உடன்பட்டார். தொல்லையும் அன்றே நீங்கிற்று. 2020 செப்டெம்பரிலே இச்செய்தி உலகெங்கும் பரவியது.

இக்கதையிலே நம் மாணாக்கர் கவனிக்கவேண்டியது தொலைக்காட்சியை அன்று. ஏழு மணி என்பதையே. கம்பிகளை மாற்றியும் கிடையாத விடை, நேரத்தைக் கவனித்ததனாற் கிடைத்தது. நிலையாகப் பழுதான பொருளைத் திருத்துதல் எளிது. அது பழுதாகவே கிடந்து நம்மை எதிர்பார்த்திருக்கும். இடையிடையே வந்துபோகும் பழுதோ தொழினுட்பவியலாளர் வாசலுக்கு வரும்போது நல்லபிள்ளையாகிவிடும். அதனைப் பிடிப்பதற்கு நாட்குறிப்பைத் தவிர வேறு வழியில்லை. புகையைக் கண்டு நெருப்பைத் துணியும் அனுமானத்தை அளவை நூல்கள் நமக்கு நெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ளன; ஆனால் எந்நாளில் எந்நேரத்தில் புகைந்தது என்று குறித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு.

குறித்து வைத்தால் அக்குறிப்பே பேசத் தொடங்கும். மாலை ஏழு முதல் பத்து வரை மட்டும் தளர்கின்றதா? கோபுரத்தின் அலையை நம்பும் இணைப்பாயின், ஊரார் யாவரும் அந்நேரத்தில் ஒரே கோபுரத்தில் மொய்ப்பதே காரணம். பெட்டியை எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் ஊரார் எழுந்து போகப்போவதில்லை. மழையோடு அறுகின்றதா? மூட்டைத் தேடுக. கிணற்று மோட்டரைப் போடும்போது அறுகின்றதா? மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்திலே வோல்ற்றளவு தாழ்ந்து பெட்டி ஒருமுறை மயங்கி எழுகின்றது. இது நம்மூரிலே பலரும் எண்ணிப் பாராத காரணம். பெட்டியின் சிறு மின்மாற்றி முதுமையடைந்திருந்தால் இம்மயக்கம் இன்னும் எளிதிலே வரும். ஒவ்வொரு நாளும் ஒரே மணித்தியாலத்தில், ஒரே நிமிடத்தில் அறுகின்றதா? அது பெரும்பாலும் பழுதன்று. கொம்பனியின் நிலையம் இணைப்பைப் புதுப்பிக்கும் வழக்கமாயிருக்கலாம். இரைச்சலின் இருப்பிடத்தைத் தேட மத்திய அலை வானொலி ஒன்று போதும். நிலையம் எதுவும் ஒலிக்காத இடத்திலே, 612 கிலோஹேர்ட்ஸ் அளவிலே, அதனை நிறுத்தி வீட்டைச் சுற்றி நடந்தால், குற்றமுள்ள மின்கருவியை அணுக அணுக வானொலி இரையும். பரணிலே தூசி படிந்து கிடக்கும் பாட்டனாரின் வானொலிக்கு இவ்வாறு ஒரு புது உத்தியோகம் கிடைக்கின்றது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்ததை யாரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9இலே நாடு முழுவதும் இருண்டபொழுது, பாணந்துறைத் துணைமின் நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியைத் தீண்டியதே காரணமென மின்சக்தி அமைச்சர் கூறினார். குரங்கை நாம் தடுக்க இயலாது. ஆயினும் ரவுட்டர் உண்ணும் மின்சாரம் ஒரு சிறு மின்குமிழின் அளவே. அதற்கென்றே விற்கப்படும் சிறிய மின்கல அடுக்கு ஒன்று பல மணி நேரம் அதனைத் தாங்கும். மாரி தொடங்கும் காலத்து இடிமுழக்கத்தின்போதோ, மின்னிணைப்பையும் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துக் கழற்றிவிடுதல் வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை விடுதல் கதவைப் பூட்டி யன்னலைத் திறந்து வைத்தலாகும்.

‘மாதந்தோறும் பணம் கட்டுகின்றோம், காரணம் தேடுதல் கொம்பனியின் கடமையன்றோ?’ என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. யாமும் கொம்பனிகளை விட்டுவிடுவதாயில்லை. அவர்களின் விளம்பரங்களிலே வேகம் பெரிய எழுத்தில் நிற்கின்றது. உறுதியைப் பற்றி ஓர் எழுத்தும் காணோம். முகம் பார்த்துப் பேசும் ஓர் அழைப்புக்குச் செக்கனுக்குச் சில மெகாபிட்டு போதும். நாளைக்குப் பத்துமுறை அறும் நூறு மெகாபிட்டு இணைப்பைவிட, அறாத ஐந்து மெகாபிட்டு இணைப்பு அம்மம்மாவுக்கு மேலானது. ஆயினும் முறையிட்டவர்க்குக் கிடைப்பது, ‘வேகம் கூடிய திட்டத்துக்கு மாறுங்கள்’ என்னும் உபதேசமே. எழுபத்தைந்து வயது முதியவரைத் தொலைபேசியிலே நிறுத்தி, குண்டூசியால் சிறு துளையைப் பத்துச் செக்கன் குத்தும்படி பணித்தல் என்ன சேவையோ! அவ்வாறு குத்தியதனால் பெட்டியின் அமைப்புகள் யாவும் அழிந்து, இருந்த இணைப்பும் போன வீடுகள் உண்டு. கம்பியின் அளவுகள் கொம்பனியின் நிலையத்திலே பதிவாகின்றன. எத்தனை முறை அறுந்தது, எச்ச அளவு எவ்வளவு என்பவற்றைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வாடிக்கையாளருக்குக் காட்டுவதிலே அவர்களுக்கு என்ன நட்டம்? மின்சாரப் பட்டியலிலே மானி வாசிப்பு இருக்கின்றதே. இணையப் பட்டியலில் மட்டும் ஏன் இருத்தலாகாது? 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதனைக் கட்டாயமாக்குதல் வேண்டுமென்பது எமது துணிபு.

எனினும், அது நிகழும்வரை கையைக் கட்டிக்கொண்டிருத்தல் அறிவுடைமையன்று. ‘அடிக்கடி போகின்றது’ என்று முறையிடுபவருக்கு ஒரு விடை கிடைக்கின்றது. ‘சென்ற பதினான்கு நாளில் இருபத்திரண்டு முறை, அவற்றுள் பதினெட்டு மழைநேரத்தில், டி.எஸ்.எல். விளக்கு அணைந்தது, கம்பியால் தொடுத்த கணினியிலும் அவ்வாறே’ என்று எழுதிக் கொடுப்பவருக்கு முற்றிலும் வேறான விடை கிடைக்கும். முன்னவரைப் பெட்டியை அணைத்துப் போடச் சொல்லுவார்கள். பின்னவரின் வீட்டுக்கு ஏணியோடு வருவார்கள்.

பழைய மாணவர்களிலே வெளிநாட்டில் வாழ்வோரை நோக்கி ஒரு வேண்டுகோள். பெற்றோரின் இணைப்பு அறுகின்றதென்று கேள்வியுற்றவுடன், ஆறு கொம்பு முளைத்த விலையுயர்ந்த ரவுட்டரைப் பொதியாக அனுப்பி வைக்கின்றீர்கள். அன்பு மெச்சத்தக்கது. ஆனால் தாழ்வாரத்திலே களிம்பேறிய மூட்டுக்கு அது மருந்தாகாது. புதுப்பெட்டியும் அதே மூட்டின் வழியேதான் மூச்சு விடவேண்டும். பெட்டி சும்மா இருக்க, யாரேனும் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, இரண்டு வாரம் கவனித்து, அறுவது எங்கேயென்று அறிந்து சொல்லவேண்டும். அவ்வொருவர் யார்?

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவரே அவர். அலை, மீடிறன், தடை, வோல்ற்றளவு என்பன யாவும் அவர்கள் பாடத்திட்டத்தில் உள. அவை சோதனைத் தாளிலே தொடங்கிச் சோதனைத் தாளிலே முடிந்துவிடுகின்றன. விஞ்ஞான மன்றத்தைச் சேர்ந்த மாணவர் இருவர் இருவராய், கல்லூரியைச் சூழ்ந்த வீதிகளிலே தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்கு ஓர் ஆசிரியரின் அறிமுகத்தோடு சென்று, இச்சோதனையை நடத்தலாம். அவர்கள் எதையும் கழற்றித் திருத்தவேண்டியதில்லை; கம்பத்திலே ஏறவும் கூடாது. கடவுச்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுதலும் ஆகாது. வைஃபையா, கம்பியா, கணினியா என்று பிரித்தறிந்து, உரிய முறைப்பாட்டைத் தமிழிலே தெளிவாக எழுதிக் கொடுத்தல் போதும். முதியவருக்கு விளக்குகளைப் பார்க்கக் கற்பித்துவிட்டால், அவரே மீதியை எழுதுவார். ஓய்வுபெற்ற தபாலதிபர்களும் லிகிதர்களும் ஏடெழுதுவதிலே நம் மாணவரை வென்றுவிடுவர். வேண்டிய பொருளோ சிறிது: ஒரு நீளக் கம்பி, ஒரு நல்ல வடிகட்டி, ஒரு மத்திய அலை வானொலி, ஒரு மடிக்கணினி. பொன்முடிப்பு அனுப்பும் கிளைச் சங்கங்கள் இச்செலவை ஒரு பிற்பகலிலே தீர்த்துவிடலாம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கொடுத்தல் வேண்டும். திகதி, மணி, எந்த விளக்கு எந்நிலையில், மழையா வெயிலா, மோட்டரோ அடுப்போ ஓடியதா, வேறு கருவியிலும் அறுந்ததா, எவ்வளவு நேரத்தில் தானே மீண்டது என்னும் ஏழு நிரல்கள் அதிலே கோடிடப்பட்டிருத்தல் நன்று. இவ்வேலையை ஐப்பசி மழைக்கு ஒரு மாதம் முன்னரே ஆரம்பித்தால், உலர்ந்த நாட்களின் குறிப்பும் மழைநாட்களின் குறிப்பும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும்.